மாமா வரவில்லை, துண்டு வந்தது

காலை ஏழு மணி இருக்கும். சிதம்பரத்திலிருந்து ஒரு குட்டி யானை வந்து வீராணம் ஏரிக்கரை ஓரத்தில் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயில் வாசலில் நின்றது. குட்டி யானை என்றால் தும்பிக்கை வைத்தது இல்லை, பிள்ளைகளே. சின்ன சரக்கு வண்டி.

அதில் ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் ‘ஞா.சே.’ என்று எழுதியிருந்தது. ஞா.சே. என்பது ஞானசேகரன். என் மனைவி வளர்மதியின் அண்ணன். எனக்கு மச்சான். சிதம்பரத்தில் கல்யாணம் காட்சிக்கு நாற்காலி, பந்தல், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார்.

அன்றைக்கு என் மகள் யாழினிக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ள வேண்டும். எங்களில் அது சட்டம் மாதிரி.

வண்டியின் முன்பக்கக் கதவு திறந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். வளர்மதி வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். மேல் அடுக்கு நாற்காலி ஒன்றில் நீலக்கரை போட்ட வெள்ளைத் துண்டு கட்டியிருந்தது. டிரைவர் அதை அவிழ்த்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

“அண்ணன் வரலீங்க. ஆனா எடம் அவரோடதாம். வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு.”

மாமா வரவில்லை. மாமாவின் துண்டு வந்தது.

நீங்கள் கேட்கிற கேள்வி

இந்தத் தொடரைப் படிக்கிற பிள்ளைகள் எழுதுகிற கார்டுகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் வருகிறது. “உங்களுக்கு ஜோக் எங்கிருந்து கிடைக்கிறது?”

நான் பத்தாவதோடு நிறுத்தியவன். பத்திரிகைக்கு ஜோக் படம் போட யாரிடமும் படிக்கவில்லை. கடலூரில் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறேன். சட்டைப் பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருப்பேன், வேர்வை படாமல் இருக்க. காதில் பென்சில். நான் நோட்டை எடுத்தால், ஏதோ புகார் எழுதுகிறேன் என்று வீட்டுக்காரர்கள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சிலிண்டர் போடுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. சொந்தக்காரன்கூட முன்னறையோடு நின்றுவிடுவான். நான் நேராக அடுப்படிக்குப் போவேன். அடுப்படியில் யாரும் நடிப்பதில்லை.

செம்மண்டலத்தில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். சிலிண்டரில் கேஸ் மிச்சம் இருக்கிறதா என்று அதைக் குலுக்கி, காதை ஒட்டி வைத்துக் கேட்பார். அவருக்கோ காது மந்தம். அதனால் என்னைக் கேட்கச் சொல்லிவிட்டு, “என்ன சொல்லுது?” என்பார். நானும் மரியாதைக்கு ஒரு நிமிஷம் காதை வைத்திருந்துவிட்டு, “ஒண்ணும் சொல்லல சார்” என்பேன். அப்படியே போட்டேன். அதுதான் இந்தப் பத்திரிகையில் வந்த என்னுடைய முதல் படம்.

தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா மொட்டை மாடியில் கருவாடு காயப்போடுவார். காக்கா வராமல் இருக்க, வீட்டுக்காரருடைய பழைய சட்டையைப் போட்டு ஒரு பொம்மை கட்டி வைத்தார். இரண்டு நாளில் காக்கா பொம்மை தலையிலேயே உட்கார்ந்தது. பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்காரரையே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் கையில் போனை எடுத்தார். அவ்வளவுதான், அசையவில்லை. நான் சிலிண்டரோடு படி ஏறிப்போய்ப் பார்த்தபோது தோளுக்கு ஒன்றாக இரண்டு காக்கா. படத்தில் ஒரு காக்கா இன்னொன்றிடம், “பழைய பொம்மைதான் கொஞ்சம் ஆடும். இது தைரியமா உக்காரலாம்” என்று சொல்கிற மாதிரி போட்டேன்.

அந்த அம்மா அதை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. போனில் இருக்கிறார்.

வரையாமல் விட்ட ஒரே ஆள்

இப்படி நான் எல்லாரையும் போட்டேன். என்னையும் போட்டேன், சிலிண்டரை இறக்கிவிட்டுத் தோள் ஒரு பக்கம் சாய்ந்தபடியே கல்யாணப் போட்டோவில் நின்றதை. ஒருத்தரை மட்டும் போடவே இல்லை. மச்சானை.

பயம் இல்லை. மரியாதை. பெண் கொடுத்த வீடு. அவருக்கு மூக்கை நீளமாகப் போட்டுவிட்டு, அந்த வீட்டில் போய் எப்படி இலைக்கு முன்னால் உட்காருவது? வளர்மதிக்கு அப்பா அம்மா இல்லை. அம்மா வீடு என்று அவளுக்கு இருப்பது அந்த வாடகைக் கடைக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறைதான். அதற்குள் என் பென்சில் போகக் கூடாது என்று நானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் கோடு கொஞ்சம் கோணல். மச்சானை விட்டேனே தவிர, சுற்றி இருந்ததை விடவில்லை. அவருடைய ஆடு ஒரு தடவை கல்யாண மண்டபத்துக்குள் போய், வாசல் வாழை மரத்தைத் தின்று, வாழைப்பூ கழுத்தில் மாட்டிக்கொண்டு நல்வரவு வளைவுக்குக் கீழே நின்றது. வரவேற்பில் நின்ற பெண் பழக்கதோஷத்தில் அதற்கும் பன்னீர் தெளித்துவிட்டாள். அதைப் போட்டேன். அவருடைய பக்கத்துக் கடைக்காரர் தலைக்கு மை அடித்துக்கொண்டு, மழை வந்ததும் மச்சான் கடை அண்டாவைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு ஓடியதைப் போட்டேன்.

காதுகுத்துக்கு நாள் குறித்தோம். முதல் தடவை குறித்த நாளில் ஏரிக்கரையெல்லாம் மழை, தள்ளிப்போனது. இது இரண்டாவது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்க வேண்டும். மச்சானுக்கு வளர்மதி போன் போட்டாள். அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

“என் ஆட்டப் போட்டான். பக்கத்துக் கடைக்காரனப் போட்டான். என் அண்டாவப் போட்டான். தேவனாம்பட்டினத்துக் காக்காய கூடப் போட்டுட்டான். என்ன ஒருத்தன மட்டும் ஆளாவே நெனைக்கல உன் வீட்டுக்காரன். அவன் வூட்டு விசேஷத்துல நான் எதுக்கு நடுவுல உக்காரணும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டால் கோபப்படுவார் என்று பத்து வருஷமாக நான் அடக்கி வைத்திருந்தேன். போடாததற்குக் கோபப்படுகிறார்.

வளர்மதி போனை வைத்தாள். “எங்கண்ணன வரைஞ்சா உங்க பென்சில் தேஞ்சா போயிடும்?” என்றாள். அதற்குப் பிறகு சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

அண்டாவுக்குள் இருந்து ஒரு குரல்

அடுத்தடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை மச்சானைப் பார்க்கச் சிதம்பரம் போனேன். பார்க்க என்றால் உண்மையாகவே பார்க்க. நோட்டும் பென்சிலுமாக.

நான் வருவது அவருக்குத் தெரியும். மீசைக்கு மை அடித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றார். “நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்குறேன் மாப்ள. நீ பாட்டுக்கு எடுத்துக்கோ,” என்றார். எதை எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டீக்கடைக்குப் போனோம். பெஞ்சில் துண்டைப் போட்டுவிட்டு டீ வாங்கப் போனார். நான் துண்டை ஓரமாக நகர்த்திவிட்டு உட்கார்ந்து அவர் நடக்கிற நடையைக் கவனித்தேன். நடை நன்றாகத்தான் இருந்தது.

கடைக்கு வந்தோம். கொஞ்ச நேரம் கரண்டியெல்லாம் அடுக்கினார். என் நோட்டை எட்டிப் பார்த்தார். வெறும் பக்கம். உள்ளே போனார். வெளியே வரும்போது தலையில் ஒரு பெரிய அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார். கழுத்துவரைக்கும் அண்டா.

“இது வருதா மாப்ள?” அண்டாவுக்குள்ளிருந்து குரல் கோயில் மணி மாதிரி கேட்டது.

“பக்கத்துக் கடைக்காரர் செஞ்சிட்டாரே மச்சான்.”

அண்டா கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

அடுத்து இடது செருப்பை வலது காலில் மாட்டிக்கொண்டு மேல வீதி வரைக்கும் நடந்தார். யாரும் கவனிக்கவில்லை. திரும்பி வந்தவர், வாழைப்பழத் தோல் ஒன்றைத் தரையில் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். பின்னால் கல் கில் கிடக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, சுவரைப் பிடித்தபடி, வழுக்கி விழுந்தார்.

நான் ஓடிப்போய்த் தூக்கினேன். சிரிப்பு வரவில்லை, பாவமாக இருந்தது. ஐம்பது வயது மனுஷன். முழங்கையில் சிராய்ப்பு.

மத்தியானம் ஒரு மண்டபத்துக்கு முந்நூறு நாற்காலி இறக்க வேண்டியிருந்தது. அங்கேயும் போனேன். முந்நூறையும் வரிசை போட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவிட்டு மச்சான் உள்ளே போனார். நான் அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு அதில் உட்கார்ந்து அவரைத் தேடினேன். வந்தார். துண்டைப் பார்த்தார். அதை எடுத்து அடுத்த நாற்காலியில் போட்டார்.

எல்லாமே அவருடைய நாற்காலி, பிள்ளைகளே. முந்நூறும். முதுகில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. மண்டபத்தில் வேறு யாரும் இல்லை. கல்யாணம் மறுநாள்.

இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் துண்டை நானே கையால் நகர்த்தி நகர்த்தி வைத்துவிட்டு, பின்னால் ஏதாவது வேடிக்கை நடக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கொடுத்த நற்சான்றிதழ்

இரண்டாவது ஞாயிறு சாயங்காலம். கடைக்குப் பின்னால் குழாயடியில் மச்சான் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார். நான் நோட்டை மூடினேன். மனசில் இருந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

“ரெண்டு வாரமா பாத்துட்டேன் மச்சான். உங்ககிட்ட ஒண்ணும் கெடைக்கல.”

நான் நல்லதாகத்தான் சொன்னேன். குறை சொல்ல ஒன்றும் இல்லாத மனுஷன், கேலி பண்ண இடமே கொடுக்காத ஆள் என்று அதற்கு அர்த்தம். ஒரு நற்சான்றிதழ் மாதிரி. பள்ளிக்கூடத்தில் எனக்கே யாரும் கொடுக்காத சான்றிதழ் அது.

அவர் கரண்டி கழுவுவதை நிறுத்தினார்.

“ஒண்ணுமே இல்லையா,” என்றார்.

குழாயை நிறுத்த மறந்துவிட்டார். தண்ணீர் பக்கெட் நிரம்பி வழிந்து என் செருப்பு வரைக்கும் வந்தது. அவருடைய ஆடு வந்து அதைக் குடித்தது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு மாப்ள,” என்றார்.

பரங்கிப்பேட்டை கிராஸ் தாண்டும்போதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. ஒரு மனுஷனை இரண்டு நாள் விடாமல் உற்றுப் பார்த்துவிட்டு, உன்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆட்டிடம்கூட இருந்தது.

வீட்டுக்குப் போவதற்குள் வளர்மதிக்குப் போன் வந்துவிட்டது. நாற்காலி தருகிறேன் என்று சொன்னதால் நாற்காலி வருமாம். அவர் வரமாட்டாராம்.

வளர்மதி அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் யாழினிக்கு வாங்கிய பட்டுப் பாவாடையைப் பிரித்து, மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். “ஒத்த அண்ணன்,” என்று மட்டும் சொன்னாள்.

பஸ் சட்டம்

கோயில் வாசலுக்குத் திரும்பி வருவோம். டிரைவர் கையிலிருந்து துண்டு வளர்மதி கைக்கு வந்தது. அவள் அதை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அரச மரத்தடிக்குப் போய், தாய்மாமன் உட்காருவதற்காகக் கோலம் போட்டு வைத்திருந்த பலகை மேல் அதை விரித்தாள். ஓரத்தைச் சரி செய்தாள்.

“எடம் எங்கண்ணனோடது,” என்றாள்.

சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். காது குத்துகிற பத்தர் டப்பாவைத் திறந்து, தங்கக் கம்பியை எடுத்து வைத்திருந்தார். பத்தரை மணிக்குள் முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு நல்ல நேரம் இல்லை என்றார்.

வளர்மதியின் சித்தப்பா மகன் ரமேஷ், அவனும் ஒரு வகையில் தாய்மாமன்தான், சட்டையைக் கழற்றிக்கொண்டே முன்னால் வந்தான். “நான் உக்காரட்டுமாக்கா?”

“துண்டு இருக்குல்ல,” என்றாள் வளர்மதி.

ரமேஷ் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது விளங்கும். பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டில் போட்டுவிட்டால், அந்த சீட்டு அவருடையது. துண்டுக்குச் சொந்தக்காரர் கூட்டத்தில் இடிபட்டு மெதுவாக ஏறி வரலாம். அதுவரைக்கும் துண்டு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மனுஷர்கள் நிற்பார்கள்.

ஆனால் ஆள் வரவே போவதில்லை என்றால்? அதற்கு என்ன சட்டம்?

என் பெரியப்பா மகன் ராமலிங்கம் அண்ணன் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர்டு ஆனவர். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“துண்டு போட்டா ஆளு உக்காந்த மாதிரிதான். வண்டி எடுக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. வண்டி எடுத்துட்டா செல்லாது.”

“இங்க ஏதுண்ணே வண்டி?” என்றான் ரமேஷ்.

அண்ணன் யோசித்தார். ஏரியைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், கடைசியில் பத்தரைப் பார்த்தார்.

“பத்தரு கம்பியக் கையில எடுத்தா, வண்டி எடுத்த மாதிரி.”

பத்தர் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். அதை மெதுவாக டப்பாவுக்குள் வைத்து மூடி போட்டுவிட்டார். கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். அவர் இந்தக் குடும்பத்துக்குப் பாட்டன் காலத்திலிருந்து காது குத்துகிறவர். வம்பு வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அப்புறம் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். காபி கொண்டுவந்த பெண் வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தவள், பலகைக்கு முன்னாலும் குனிந்து ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனாள். அதை யாரும் எடுக்கவில்லை. யாழினி வந்தாள். மூன்றரை வயது. “மாமா எங்க?” என்று கேட்டாள். யாரோ துண்டைக் காட்டினார்கள். அவள் பார்த்தாள், கையில் கடித்த பாதி பிஸ்கட் இருந்தது, அதைத் துண்டின் மேல் வைத்தாள்.

சுற்றி ஐம்பது நாற்காலி சும்மா கிடந்தது. ஒருத்தர் உட்காரவில்லை. எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்று, காபியும் பிஸ்கட்டும் வைத்து, ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் மகள். ஒரு பக்கம் வளர்மதி முகம். மணி ஒன்பதே முக்கால். கை மட்டும் தன் பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போய் நோட்டை எடுத்துவிட்டது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வரைவது ஒரு தகப்பன் செய்கிற வேலை இல்லை. ஆனால் செய்தேன். நீலக்கரை, காபி, பிஸ்கட், மூடிய டப்பாவோடு பத்தர், நிற்கிற ஜனம், உட்காராத நாற்காலிகள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை வராத படம், பென்சிலைத் தாளிலிருந்து தூக்காமல் வந்தது.

ஹெல்மெட் போட்ட ஆள்

வரைந்து முடித்ததும் வளர்மதி முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே வந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரை மேல் ஒரு டீக்கடை. அங்கே ஒருத்தர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தூக்குவார், ஒரு வாய் குடிப்பார், கண்ணாடியை இறக்கிவிட்டுக் கோயிலைப் பார்ப்பார். மறுபடி தூக்குவார், குடிப்பார், இறக்குவார். கண்ணாடி பூராவும் ஆவி.

பட்டு வேட்டி கட்டியிருந்தார். முழங்கையில் சிராய்ப்பு ஆறிய தழும்பு.

பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கைக்குட்டை விரித்திருந்தது. நான் அதன் முன்னால் நின்றேன். இந்தத் தடவை நகர்த்தவில்லை.

“உக்காரு. உனக்குத்தான் போட்டேன்,” என்றது ஹெல்மெட்.

உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஏரியைப் பார்த்தோம். மன்னிப்பு கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அதுவும் தப்பாகப் போய்விடும் என்று பயமாக இருந்தது. நோட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொருவராகத் தொட்டார். ராமலிங்கம் அண்ணன் தொப்பையில் விரல் நின்றது. ரமேஷ் சட்டையைப் பாதி கழற்றியிருந்ததில் நின்றது. காபி டம்ளர் மேல் நின்றது.

“காபி வெச்சாங்களா?”

“வெச்சாங்க.”

“பிஸ்கட்டு?”

“பாப்பா வெச்சா.”

ஹெல்மெட்டுக்குள் ஏதோ சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

“ரமேஷு உக்காரலையா?”

“துண்டு இருக்குன்னு உங்க தங்கச்சி சொல்லிடுச்சு. அவன் கிட்ட வரல.”

அவர் மறுபடியும் படத்தைப் பார்த்தார். “துண்டு நல்லா இருக்குது. கரகூட சரியா போட்டிருக்க.” பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. “எல்லாரும் இருக்காங்க. நான் எங்க மாப்ள?”

“நீங்க இன்னும் வரல மச்சான்,” என்றேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கைக்குட்டையை, நான் அதன் மேல் உட்கார்ந்திருந்ததால் என்னை எழுப்பி எடுத்து, பைக்குள் வைத்தார். ரோட்டைக் கடந்து நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

வண்டி எடுத்தது

அவர் கோயிலுக்குள் வந்ததும் கூட்டம் வழி விட்டது. நேராகப் பலகைக்குப் போனார். காபியை ஓரமாக வைத்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். பிஸ்கட் கீழே விழவில்லை, அதற்கு முன்னால் கையில் பிடித்துக்கொண்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

“ஹெல்மெட்டக் கழட்டுண்ணா,” என்றாள் வளர்மதி. பட்டுப் பாவாடையோடு யாழினியைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

பத்தர் டப்பாவைத் திறந்து கம்பியை எடுத்தார். ராமலிங்கம் அண்ணன் வாயில் விரல் வைத்து, பஸ் கிளம்புகிற மாதிரி இரட்டை விசில் கொடுத்தார். அதற்கு இடது காது. இன்னொரு இரட்டை விசில். அதற்கு வலது காது.

யாழினி அழுதாள். மச்சான் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தார், பிறகு தன் கண்ணைத் துடைத்தார், பிறகு எதற்கென்று தெரியவில்லை, பத்தருடைய கண்ணையும் துடைத்துவிட்டார். பிஸ்கட்டைக் குழந்தைக்கே திருப்பிக் கொடுத்தார். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

படம் பத்திரிகையில் வந்தது. ஆசிரியர் போன் பண்ணி, கற்பனை நல்லா இருக்கு என்றார். மச்சான் அதை லேமினேட் பண்ணிக் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் துண்டைக் காட்டி, “இது நான்தான்” என்கிறாராம்.

ஆகையினால், எங்கிருந்து கிடைக்கிறது என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான். பார்க்கப் போகிற இடத்தில் எதையாவது நகர்த்தி வைத்துவிட்டு உட்காருகிறீர்கள் இல்லையா, முதலில் அதைப் பாருங்கள்.

படம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் கடலூருக்கு வந்தார். யாழினி காதைப் பார்த்தார், புண் ஆறியிருந்தது. மீன் குழம்பு சாப்பிட்டார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போது நோட்டு கனமாக இருந்தது. திறந்து பார்த்தேன்.

துண்டு படத்துக்கு அடுத்த வெறும் பக்கத்தில், நான்காக மடித்து, அவருடைய கைக்குட்டை இருந்தது.

அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, அதற்கடுத்த பக்கத்திலிருந்துதான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன். வண்டி இன்னும் எடுக்கவில்லை.